பட்டியலில் இல்லாத ஃபான்

எனக்கு ஊர் பதுளை. மன்னார் பவர்ஹவுசில் வேலை. யுத்தம் நடந்த தொண்ணூற்றேழில் ஆமியிடம் பயணப் பாஸ் கிடைத்தால்தான் ஊருக்குப் போகலாம். எனக்குக் கிடைக்கவில்லை.

டவுன் முழுக்க ஒரே டீசல் எஞ்சினில் ஓடியது. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லா வீடும் ஒன்றாக ஸ்விட்சைப் போட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். ஒருமுறை நின்றால் மறுபடி எடுக்க இரண்டு நாள். அதற்குள் ஆஸ்பத்திரி ஃபிரிஜ்ஜில் இருக்கிற தடுப்பூசி மருந்து கெட்டுப்போகும்.

அதற்காக ஒரு பலகை செய்தேன். ஒவ்வொரு தெருவுக்கும் அதன் மின்பாரத்துக்கேற்ற ஒரு டோர்ச் பல்ப், எஞ்சினுக்குப் பதில் கார் பற்றறி, எஞ்சின் தாங்கும் அளவுக்கு ஒரு ஃபியூஸ். பாரம் கூடினால் ஊரில் நடக்கப்போவது அந்த நொடியே பலகையில் நடக்கும். எந்தத் தெருவின் கரண்டைத் தானாக வெட்டிவிட்டால் ஆஸ்பத்திரி லைன் தப்பும் என்று அதில் பார்க்கலாம்.

மீற்றர்கள் பாதி உடைந்திருந்ததால் வீடு வீடாகப் போய், லைற் எத்தனை, ஃபான் எத்தனை என்று கேட்டுப் பட்டியல் எழுதினேன். பலகையில் சந்தைத் தெருவை மட்டும் வெட்டினால் போதும் என்று வந்தது.

"பலகையில சரி. ஊரில சரிவருமோ?" என்றார் மேற்பார்வையாளர் சந்தியோகு.

"வரும் ஐயா."

அதன்படி பவர்ஹவுசில், பாரம் கூடினால் அந்தத் தெருவைத் தானாக வெட்டும் ரிலே பூட்டினோம். ஆறு மணிக்குச் சந்தைத் தெரு தானாக அணைந்தது. நான் கையைத் தட்டினேன். அடுத்த நிமிஷம் எஞ்சினும் நின்றது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி நேர்ஸ் லூசியா வந்தார்.

"நூற்றியிருபது பிள்ளையளின்ர மருந்தைக் கொட்டிப்போட்டன் தம்பி. இனி உங்கட பலகைக்கு ஊசி போடட்டோ?"

பட்டியலைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்கே போனேன். செபஸ்தியம்மாவின் கூரையில், சேலையால் சுற்றி மறைத்தபடி, ஒரு ஃபான் தொங்கியது.

"ஒரு லைற்னுதானே சொன்னீங்க?"

"லிஸ்டோட வாறவை நிவாரணத்தை வெட்டத்தான் வாறவை. ஃபான் இருக்கெண்டு சொன்னால் அரிசி தருவாங்களோ?"

"நான் கரண்ட் ஆளுன்னு சொன்னேனேம்மா!"

"எல்லாரும் ஏதோ ஒரு ஆளெண்டுதான் சொல்லுறவை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மருந்து பழுதாப்போச்சாமே? எழுதுங்கோ. இந்தத் தெருவில பதினாறு ஃபான். ரெண்டு கிறைண்டர்."

அவர் தெருவின் பல்பைக் கழற்றிப் பெரியதாகப் போட்டேன். சந்தைத் தெருவை வெட்டியும் பலகை, ஊர் அணைந்த மாதிரியே அணைந்தது. எனக்கு அதை உடைக்கவேண்டும் போலிருந்தது. மற்றத் தெருக்களில் பட்டியல்படி பாரம் குறைவு; எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தும் ஒரே முடிவுதான்: சந்தைத் தெருவோடு செபஸ்தியம்மாவின் தெருவையும் வெட்டவேண்டும்.

வெட்டினோம். எஞ்சின் நிற்கவில்லை. புதிதாக வந்த மருந்து ஃபிரிஜ்ஜில் குளிராக இருந்தது.

செபஸ்தியம்மா பவர்ஹவுஸ் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உண்மையைச் சொன்னதுக்கோ எங்களுக்கு இருட்டு?"

"மத்தத் தெருக்காரங்களும் உண்மையைச் சொன்னா, முறை வச்சு வெட்டலாம்மா."

"அப்ப போய்க் கேளுங்கோ."

அடுத்த தெருவுக்குப் போனேன். முதல் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே ஏதோ சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு கை ஸ்விட்சைத் தட்டியதும் சத்தம் நின்றது.

"ஒரு லைற்தான் தம்பி," என்றார் அந்த வீட்டுக்காரர்.