அழகியநாயகியின் வலது கால் இரண்டாம் விரல்

1

இந்தக் கதைக்கு மூலம் சில ஈரக் காலடிகள்.

தக்கலையில் ஒரு கட்டடத்தின் முதல் மாடி. படி ஏறியதும் இடது பக்கம் கால் நோய்களுக்கான கிளினிக், வலது பக்கம் பெண்களுக்கான பியூட்டி பார்லர். நடுவே நடைபாதையில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்குக் காலில் ஆணி. அதைக் காட்டுவதற்காக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளை டைல்ஸ் தரையில், பார்லர் வாசலில் தொடங்கிக் கிளினிக் வாசலில் முடிகிற மாதிரி ஈரக் காலடிகள் கிடந்தன. ஈரம் மஞ்சள் நிறத்தில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் வேட்டி கட்டிய ஒருவர், பெண்கள் போடுகிற செருப்பு ஒரு ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு, கிளினிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் நடந்தது தெரிந்திருக்கும், கதை கையைவிட்டுப் போயிருக்கும். எனக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'அழகியநாயகி, வயது ஐம்பத்தேழு, நீண்டகாலச் சர்க்கரை நோயாளி, வலது காலில்…'

(அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: 'வேளிமலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு…'

(இதுவும் வேண்டாம். கதை காலைப் பற்றியது. மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தடுக்கி விழ வேண்டியதுதான்.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

அழகியநாயகிக்குக் கால் அழகு என்பது வில்லுக்குறியில் அவள் தெருவுக்கே தெரியும். தினமும் குளித்ததும் பாதத்துக்கு மஞ்சள் பூசுவாள். கொஞ்ச நாளாகப் பூச்சு கெட்டியாகியிருந்தது, வலது காலில் இன்னும் கெட்டி. அவள் கணவர் அய்யம்பெருமாளுக்கு அறுபது நிறைகிறது, அடுத்த வாரம் அறுபதாம் கல்யாணம், அதற்குத்தான் இந்த ஜோர் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த மஞ்சளுக்கு அடியில், பெருவிரலை அடுத்த விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் இறங்கிக் கிடந்தது.

வலி இல்லை. பல வருஷத்துச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. வலிக்காததால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று அவள் நினைத்தாள். நினைத்தாள் என்று எழுதுகிறேனே தவிர, காலைக் கழுவும்போது அந்த விரலை மட்டும் பார்க்காமல் கழுவுகிறவள் உள்ளுக்குள் என்ன நினைத்திருப்பாள் என்பது உங்களுக்கும் தெரியும்.

3

ஷார்ஜாவில் இருந்து மகன் சுனிலும் மருமகள் ரஷ்மியும் வந்திருந்தார்கள். முதல் பிரதியில் ரஷ்மியை ஒரு பவுசுக்காரியாக ஆக்கலாம் என்று பார்த்தேன். வெளிநாட்டு மருமகள் என்றால் பேனா தானாக அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் அவள் பேசத் தொடங்கியதும் நல்ல பெண்ணாகவே பேசினாள்.

"அத்த, நாம ரெண்டு பேரும் தக்கலையில போயி பெடிக்யூர் பண்ணுவோம். நான் புக் பண்ணியாச்சு. ஒங்களுக்குச் சுகர் இருக்குல்லா, எதிர்த்தாப்புல கால் கிளினிக்கும் உண்டு. மொதல்ல அங்க ஒருக்கா காட்டிட்டு வருவோமா?"

"கிளினிக் எதுக்கு மக்கா? எனக்க காலுக்கு ஒரு கேடும் இல்ல. பார்லருக்கே போவோம்."

யோசிக்காமல் வந்த பதில் இல்லை இது. அந்தக் கிளினிக்குக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு ஞானசெல்வி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "வெரல்ல என்ன கெடந்தாலும் மொதல்ல கழத்தச் சொல்லுவாவ. கழலல்லேன்னா வெட்டிருவாவ."

அறுபதாம் கல்யாணம் செய்வதே கணவனின் ஆயுசுக்காக. அந்த நேரம் பார்த்து மெட்டியை வெட்டினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழகியநாயகி பயந்தாள். விரலா, அவரா என்று அவளே ஒரு தராசு கட்டி, அவளே நிறுத்தும் முடித்துவிட்டாள். பார்லரில் மெட்டியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

(முழுவதும் பயம்தான் என்றும் சொல்ல முடியாது. அவளுக்குப் பார்லர் மேல் ஆசையும் இருந்தது. ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருக்க, இன்னொருத்தி அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதை டி.வி.யில் பார்த்திருக்கிறாள். அவள் காலை இதுவரை யாரும் மடியில் வைத்துக்கொண்டதில்லை.)

4

பார்லரில் இருந்த பெண்ணின் பெயர் பெமிலா. முதலில் இவளைத்தான் கெட்டவளாக எழுதியிருந்தேன். துருப்பிடித்த பிளேடு, ரத்தம், அவசர சிகிச்சைப் பிரிவு என்று வேகமாகப் போனது. என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "நான் மாசாமாசம் போற எடம் மாதிரி எழுதியிருக்கிய. அந்தப் பிள்ள ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சுது?" என்று கேட்டாள். அந்த நான்கு பக்கத்தையும் கிழித்தேன். கீழே வருவது திருத்திய பெமிலா.

5

"ஆன்ட்டி, சுகர் உண்டுமா?"

"இல்ல மக்கா."

ரஷ்மி அந்தக் கோடியில் முகத்துக்குக் க்ரீம் போட்டுக் கண்மூடிக் கிடந்ததால் இந்தப் பொய் அவள் காதில் விழவில்லை. பெமிலா தொட்டியில் தண்ணீர் விட்டு அழகியநாயகியின் இரண்டு காலையும் உள்ளே வைத்தாள்.

"சூடு கூடுதலாட்டு இருக்கா?"

"சரியாட்டு இருக்கு." எவ்வளவு சூடு என்று அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியது. பெமிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆன்ட்டி, மஞ்சள மூட்டையாட்டு வாங்கிப் பூசுனியளா?"

இடது காலை எடுத்து மடியில் விரித்த துண்டில் வைத்துத் துடைத்தாள். அழகியநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். துண்டின் இதம் கணுக்காலில்தான் தெரிந்தது, அதற்குக் கீழே ஏதோ தூரத்தில் நடக்கிற காரியமாக இருந்தது. ஆனாலும் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை அடித்துச் சொல்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் அவள் ராணி.

பிறகு பெமிலா வலது காலை எடுத்தாள். மஞ்சள் போய்விட்டது. விரல் கறுத்துச் சிவந்து, மெட்டியின் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

"ஆன்ட்டி, இது என்னது?"

"அது ஒண்ணுமில்ல மக்கா. மெட்டி கொஞ்சம் இறுக்கம். அத விட்டுட்டு மத்ததுக்குச் செய்யி."

"இந்தக் கால்ல நான் கை வைக்க மாட்டேன். எனக்குப் பயமாட்டு இருக்கு. எதிர்த்தாப்புல காட்டுங்க."

"அங்க போனா வெட்டிருவாவ."

"வெரலையா?"

"மெட்டிய."

பெமிலாவின் வீட்டில் மெட்டி போடுகிற வழக்கம் இல்லை. மெட்டியை வெட்டினால் என்ன என்று கேட்க வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. ரஷ்மியைப் போய் எழுப்பினாள். ரஷ்மி பாதி முகம் க்ரீமோடு ஓடிவந்து, காலைப் பார்த்து, "அத்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று அழுதுகொண்டே மாமனாருக்குப் போன் போட்டாள். அத்தையைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

அப்போது விழுந்தவைதான் நான் பார்த்த காலடிகள்.

6

கிளினிக் வாசலில் அழகியநாயகி நின்றுவிட்டாள். இருவரையும் கூட்டிவந்துவிட்டுக் கீழே டீக்கடையில் காத்திருந்த அய்யம்பெருமாள் பாதி டீயை வைத்துவிட்டுப் படியேறி வந்தார். பார்லர் வாசலில் கிடந்த அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் உள்ள வரமாட்டேன். வெட்டிப்போடுவாவ."

"எத?"

"நீங்க போட்ட மெட்டிய. ஒங்களுக்கு அறுபது நெறையுத நேரத்துல அத வெட்டிப்போட்டுட்டு நான் எப்பிடி மணையில வந்து இருப்பேன்? ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா? இந்த வெரலு போனா போட்டும்."

இப்போது அய்யம்பெருமாள் பேச வேண்டும். இங்கேதான் எனக்கு மூன்று நாள் பேனா ஓடவில்லை.

(அ) "அதெல்லாம் மூடநம்பிக்கை அழகி. மருத்துவ அறிவியல் என்ன சொல்லுதுன்னா…" (கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர் சொந்த மனைவியிடம் இப்படிப் பேசினால் அவள் பார்லருக்கே திரும்பிப் போய்விடுவாள்.)

(ஆ) அவர் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு குலுங்கி… (இல்லை. நான் பார்த்த மனிதர் செருப்பை ஒழுங்காக, அடிப்பாகம் வேட்டியில் படாமல் பிடித்திருந்தார். குலுங்குகிறவர் அப்படிப் பிடிக்க மாட்டார்.)

(இ) "ஏட்டி, நான் இம்புட்டு நாளும் உசிரோட இருந்தது ஒனக்க மெட்டியிலயா? நீ வைக்குத தீயல்லல்லா இருந்தேன். நீ காலு போயிப் படுத்தா எனக்குத் தீயல் யாரு வச்சித் தருவா? உள்ள போ."

(இ)யை வைத்துக்கொள்கிறேன். (தீயல் என்பது தேங்காயை வறுத்தரைத்து வைக்கிற எங்கள் பக்கத்துப் புளிக்குழம்பு.) அழகியநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தின்னுததுலேயே இரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்த எனக்கு அவர் பக்கத்து நாற்காலி கிடைத்தது.

7

டாக்டர் ஜெனின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புண்ணு தோலோட நிக்கு, எலும்புக்குப் போவல்ல. இனியும் வச்சிட்டு இருந்தியன்னா வெரல எடுக்க வேண்டி வந்திருக்கும்."

மோதிரம் வெட்டுகிற சின்னக் கருவியை மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் பைய நுழைத்தார். வெட்டுப்பட்ட வெள்ளி தட்டில் விழுந்தது. அந்தக் கணம் அழகியநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே காது கொடுத்தாள். வெளியே அய்யம்பெருமாள் போனில் பந்தல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். நல்ல கணீர்க் குரல். ஒரு இருமல்கூட இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

கட்டுப் போட்டு முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "டாக்டரே, மிச்சத்த பார்லர்ல செஞ்சுக்கிடலாமா?"

ஜெனினுக்குச் சிரிப்பு வந்தது. "தண்ணியில முக்காண்டாம், தேய்க்காண்டாம், அங்க ஒண்ணையும் வெட்டாண்டாம். நகம் நாங்க வெட்டித் தாறோம். கலர் மட்டும் அடிச்சுக்கிடுங்க, கெட்டுப் போட்ட வெரல விட்டுட்டு."

"மெட்டி?"

"அந்த வெரலுக்கு இப்பம் கூடாது. நான் சொல்லுத வரை கூடாது."

இப்படியாக, எந்த வாசல் என்று கேட்டுத் தொடங்கிய கதை இரண்டு வாசலுக்கும் நடுவில் வந்து நின்றது. பெமிலா சிவப்பு நெயில் பாலிஷோடு நடைபாதைக்கே வந்தாள். தரையில் உட்கார்ந்து, அழகியநாயகியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்பது நகத்துக்கும் சாயம் பூசினாள். ரஷ்மி முகம் கழுவிக்கொண்டு வந்து போட்டோ எடுத்தாள். இதையாவது நான் நேரில் பார்த்திருக்கக் கூடாதா? அதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

8

அறுபதாம் கல்யாணம். மண்டபம், கூட்டம், பந்தி எல்லாம் என் செலவு. தாலி கட்டியாயிற்று. இனி மெட்டி. அழகியநாயகி இடது காலை அம்மி மேல் வைத்தாள். அய்யம்பெருமாள் குனிந்து போட்டார். பிறகு வலது காலை வைத்தாள். நான்கு சிவப்பு நகம், ஒரு வெள்ளைக் கட்டு. கையில் இரண்டாவது மெட்டியோடு அவர் அப்படியே நின்றார். போற்றி* அடுத்த மந்திரத்துக்குப் போகக் காத்திருந்தார்.

(* எங்கள் பக்கம் கோயில் பூசகரைப் போற்றி என்போம். அவருக்கு இன்னொரு முகூர்த்தமும் இருந்தது.)

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்று: மெட்டியைத் தட்டில் திரும்ப வைக்கிறார், பந்தியில் நாலு பேர் முணுமுணுக்கிறார்கள். இரண்டு: பக்கத்து விரலில் போடுகிறார், யாரும் கவனிக்கவில்லை. மூன்று: குனிந்த வாக்கில் தன் கால்விரலிலேயே மாட்டிக்கொள்கிறார். மூன்றாவது என் மனைவிக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதையே படியெடுக்கத் தொடங்கினேன். பாதியில் கை நின்றது. இந்தக் காலைப் பற்றி ரஷ்மி ஒன்று சொன்னாள், டாக்டர் ஒன்று சொன்னார், போற்றி ஒன்று சொல்லக் காத்திருக்கிறார், போதாததற்கு நானும் மூன்று சொல்லியிருக்கிறேன். கால்காரியிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அய்யம்பெருமாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏட்டி," என்றார் மெதுவாக, "எங்க போட?"

சத்தியமாக இது நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.

நாதஸ்வரக்காரர் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி பிடித்தார். அழகியநாயகி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் மூன்று முடிவுகளில் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. மெட்டி இருந்த கையை நீட்டினார்.

வீடியோக்காரர் குறுக்கே வந்து நிற்கிறார். நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்து அவருடைய முதுகுதான் தெரிகிறது. முன்வரிசையில் இருப்பது நீங்கள்தான். சொல்லுங்கள், எங்கே போட்டார்?