மூன்று பக்கம் குறைகிறது

கணினித் திரையில் அந்த மஞ்சள் பட்டையை அமுக்கும்போது நிர்மலாதேவி ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. முப்பத்தொன்பது வயது. டயாலிசிஸ் சென்டரில் ஏழு வருஷமாகக் கிராணி, அதாவது கிளார்க் வேலை. "சனிக்கிழமை கம்ப்யூட்டர் திருத்திற கீதன் வந்து பார்ப்பான், அதுவரைக்கும் அப்டேட் ஒண்டையும் தொடக்கூடாது பிள்ளை" என்று மேனேஜர் நவரட்ணம் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டாளா? திங்கட்கிழமை காலையில் கணினியைத் திறந்தால் திரையின் உச்சியில் அதே பட்டை, 'புதுப்பிக்கவும்' என்று நிற்கிறது. ஒரு தட்டு தட்டினால் தொல்லை விட்டது என்று தட்டிவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், வேறென்ன சொல்ல!

பெம்பான் டவுன் கடை வரிசையில் கீழே சென்டர், மேலே ஆபீஸ். நோயாளிகளின் விவரம் முழுவதும் சென்டருக்கென்றே இருந்த ஒரு வெப்சைட்டில் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பு, அவரவர் ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர். ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து தட்டியவள் இவள்தான். கீழே நர்ஸ் டேப்லெட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் மருந்து போடுவார்.

பதினொன்றே காலுக்கு அப்டேட் முடிந்தது. முடிந்ததும் பட்டியலைப் பார்த்தாள், பகீரென்றது. டி'குரூஸ் அங்கிள் பெயருக்கு நடுவில் கொக்கி மாதிரி ஒரு &, வேலி மாதிரி ஒரு #, 039 என்ற எண் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன. 'உணவு & தண்ணீர்' என்ற பக்கத்தில் & குறிக்குப் பின்னால் amp என்று ஒரு வால் முளைத்திருந்தது. நல்ல வேளை, செட்டிங்கில் 'தலைப்பில் சிறப்புக் குறிகள்' என்று ஓர் இடம் இருந்தது. அதை மாற்றிச் சேமித்தாள். கொக்கி, வேலி, வால் எல்லாம் மறைந்தன. நிர்மலாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து நவரட்ணம் சார் படியேறி வந்தார்.

"என்ன பிள்ளை, முகம் வேர்த்துக் கிடக்கு? எல்லாம் ஓடுதோ?"

"ஓடுது சார். ஓகே லா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அவரும் தலையாட்டிவிட்டு, பன்னிரண்டரை மணி ஆட்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்கக் கீழே இறங்கினார்.

அவர் போனபிறகு பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாப் பெயரும் குட்டையாக இருப்பதுபோல் தோன்றியது. 'வீரமுத்து a' என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 'மலர்விழி a'. அதிலும் அப்பா பெயரைக் காணோம். நம்மவர்கள் ஐ.சி.யில் மகன் என்றால் a/l, மகள் என்றால் a/p போட்டு அப்பா பெயர் வரும், இல்லையா? புதிய மென்பொருளுக்கு அந்தச் சாய்கோடு பிடிக்கவில்லை. சாய்கோட்டைக் கண்ட இடத்தில் தலைப்பை வெட்டி, மிச்சத்தை வீசிவிட்டது. டி'குரூஸ் பெயரில் சாய்கோடு இல்லை, பிழைத்துக்கொண்டார்.

'அசிங்கமா இருக்கு, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா திருத்திடலாம்' என்று நினைத்தாள். பட்டியலை மூடப் போனவள் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தாறு இருந்தது. அவள்தான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாள்.

மூன்று பக்கம் எங்கே போயிற்று? நோயாளிகளின் அட்டவணையை எடுத்து விரல் வைத்து ஒப்பிட்டாள். கிருஷ்ணன் இரண்டு பேர், திரையில் ஒருவர்தான். இரண்டு லட்சுமியில் ஒருவர் இல்லை. விரல் கீழே இறங்கி 'வீராசாமி a/l காத்தான்', 'வீராசாமி a/l முனியன்' என்ற இரண்டு வரியில் வந்து நின்றது. அப்பா பெயரை வெட்டியதும் இரண்டு பேரும் ஒரே 'வீராசாமி a' ஆகிவிட்டார்கள். ஒரே தலைப்பில் இரண்டு பக்கம் இருக்க முடியாது என்று பின்னால் இருந்த பக்கம் முன்னால் இருந்ததை விழுங்கிவிட்டது.

திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தது முனியன் மகன், செங்கல் பேக்டரி லோரி ஓட்டிய வீராசாமி. அவர் செவ்வாய்க்கிழமை ஆள். இன்றைக்கு வருகிறவர் காத்தான் மகன், எஸ்டேட்டில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய வீராசாமி. ரத்தம் உறையாமல் இருக்க மற்ற எல்லாருக்கும் போடும் ஹெபரின் அவருக்கு ஆகவே ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் அதைப் போட்டு, கால் கறுத்து, பத்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்து எழுந்து வந்தவர். அவர் பக்கத்தில் 'ஹெபரின் போடவே கூடாது' என்று சிவப்பு எழுத்தில் அவள்தான் தட்டியிருந்தாள். அந்தப் பக்கம்தான் இப்போது இல்லை. இருக்கிற பக்கத்தில் 'ஹெபரின், வழக்கமான அளவு' என்று இருந்தது.

நர்ஸ் செசிலியா இருந்தால் பயமில்லை, ஆளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். செசிலியா லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக வேறு சென்டரிலிருந்து வந்திருந்த சுரேகாவுக்கு இது முதல் நாள். மணி பன்னிரண்டு முப்பத்தாறு.

கீழே போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஐயோ, எடுங்களேன்! இரண்டாவது தடவையும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடும்போது ஒன்று தோன்றத்தான் செய்தது, பொய் சொல்வானேன். உள்ளே போய்க் கத்தினால் சாருக்குத் தெரிந்துவிடும். தொடாதே என்றதைத் தொட்டது, ஓகே என்று புளுகியது, எல்லாம் வெளியே வரும். வேலை போய்விடும். சுரேகாவை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னால்... இந்த நினைப்பு வந்தபோது மூன்று படி மெதுவாகக்கூட இறங்கினாள். அந்த மூன்று படிக்காகப் பிறகு எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். "பிள்ளை, சப்பாத்து!" என்று நவரட்ணம் சார் அதட்டினார். வெளியே போட்ட காலணியோடு உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். மூன்றாவது நாற்காலியில் வீராசாமி சாய்ந்திருந்தார். கையில் இரண்டு ஊசியும் ஏறி டியூபில் ரத்தம் சிவந்திருந்தது. சுரேகா மருந்து நிறைத்த சிரிஞ்சை மெஷினில் பொருத்திவிட்டு, விரலைப் பட்டனுக்குக் கொண்டுபோனாள்.

"நிப்பாட்டுங்க! ஹெபரின் போடாதீங்க! அது வேற வீராசாமி!"

அந்த நீள அறையில் பத்து மெஷினிலும் இருந்த பத்து ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். சுரேகாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"பேரு சரியா இருந்திச்சே அக்கா. அறுபத்தேழு வயசு, அதுவும் சரி" என்றாள். சொல்லும்போதே டேப்லெட்டை எடுத்து அதிலிருந்த எண்ணை அவருடைய ஐ.சி.யோடு ஒப்பிட்டாள். எண் வேறாக இருந்தது. உடனே சிரிஞ்சைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"என்ன நடந்தது?" நவரட்ணம் சாரின் குரல் தணிந்துபோயிருந்தது. "ஆர் அதில கை வைச்சது?"

"நான்தான் சார். காலையில அப்டேட் பண்ணேன். பேரெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. ஓகேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் சுவரில் மாட்டியிருந்த பழைய பேப்பர் பைலை எடுத்து சுரேகாவிடம் கொடுத்து, பத்துப் பேருக்கும் முதலிலிருந்து ஐ.சி. பார்க்கச் சொன்னார். "நீர் மேல வாரும், பிறகு கதைப்பம்" என்று மட்டும் நிர்மலாதேவியிடம் சொன்னார். சொன்னவர் அங்கேயே நின்றார்.

நிர்மலாதேவி மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்தில் போனாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, உங்களுக்கு அந்த மருந்து ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்மா" என்றார் வீராசாமி. "ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னேன். ஸ்கிரீன்ல போடலாம்னுதான் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. யாரு எழுதுனதுன்னு கேட்டேன். ஆபீஸ்ல நிர்மலான்னுச்சு. நிர்மலா எழுதுனா தப்பா இருக்காது, டாக்டர் ஏதும் மாத்திச் சொல்லியிருப்பாருன்னு கையக் குடுத்துட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத லா" என்றார் அவர். ஊசி ஏறிய கையை அசைக்காமல், மற்றக் கையால் அவள் தலையைத் தொட்டார். "இப்ப நீ பாத்துட்டல்ல? என்ன போடணும்னு நீயே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. நீ சொன்னா சரி."