மூணாந் தண்ணி

கர்ணனுக்குச் சலித்துவிட்டது. பெண்டாட்டி மேல் சலிப்பில்லை, அதை எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வான். சலித்தது அந்த நோய் மேல். நாலு வருசமாக அது விட்டும் போகவில்லை, ஆளை ஒரேயடியாகப் படுக்கப் போடவும் இல்லை. மாதம் ஒரு தடவை அனுமந்தன்பட்டியில் முதல் பஸ் ஏறி மதுரைக்குப் போக வேண்டும். டாக்டர் ஞானசிகாமணியின் வாசல் பெஞ்சில் உட்கார வேண்டும். ரத்தம் கொடுத்து, மூத்திரம் கொடுத்து, சீட்டு வாங்கி, மாத்திரை வாங்கிப் பொழுதடைய ஊர் திரும்ப வேண்டும். அடுத்த மாதம் அதே பஸ், அதே பெஞ்சு.

நோய் என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டாமா? காய்ச்சல் வந்தால் இறங்குகிறது. கால் ஒடிந்தால் கட்டுப் போட்டால் கூடுகிறது. மாயக்காளுக்கு வந்தது மட்டும் வீட்டோடு தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் முதல் தடவையே உடைத்துச் சொல்லிவிட்டார். "எதிர்ப்புச் சக்தின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வெளிய இருந்து வர்ற கிருமிய அடிக்கிறதுதான் அதோட வேலை. இவங்களுக்கு அது ஆள் தெரியாம இவங்க உடம்பையே அடிக்குது. மூட்டு, தோலு, கிட்னி, எதையும் விடாது. லூப்பஸ்னு பேரு. அடியோட தீர்க்க மருந்தில்ல. அடக்கி வைக்க இருக்கு."

"அப்ப சத்து கூடிப்போச்சா சார்?" என்று கர்ணன் கேட்டான். டாக்டர் சிரித்துவிட்டு, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஊரில் போய் இதை யாரிடம் சொல்ல? அவர்களுக்குத் தெரிந்த நோயெல்லாம் சத்தில்லாமல் வருவதுதான். ஆளாளுக்கு ஆட்டுக்கால் சூப்பும் நாட்டுக்கோழி முட்டையுமாகக் கொண்டுவந்து கொடுத்து அவளைத் தேற்றப் பார்த்தார்கள். டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையால் மாயக்காளின் முகம் வீங்கி உருண்டையானபோது, பார்த்தியா, சூப்பு வேலை செய்துவிட்டது என்றார்கள்.

டாக்டர் இரண்டே இரண்டு கட்டளை போட்டிருந்தார். ஒன்று, வெயில் படக்கூடாது. இன்னொன்று, வெள்ளை மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. "உடம்பு தானாச் சுரக்க வேண்டியத இந்த மாத்திரை குடுக்குது. உடம்பு அந்த வேலைய மறந்து போயிருக்கும். திடீர்னு நிறுத்தினா ஆள் தாங்காது. குறைக்கிறதா இருந்தாலும் நான்தான் குறைப்பேன்." கர்ணன் தலையை ஆட்டினான். மாத்திரை விழுங்குவது எளிது. தோட்டந்துரவில் பாடுபடும் சம்சாரி வீட்டுப் பொம்பளை வெயிலில் இறங்காமல் இருப்பதற்குத்தான் ஊர்ச் சம்மதம் வேண்டியிருந்தது. அவள் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் கர்ணனின் அக்கா அக்கம்மாள் கைகொட்டிச் சிரிப்பாள். "மகாராணி வாராகடா, வழிய விடுங்க."

அது வீரபாண்டித் திருவிழா நெருங்கிய சித்திரை. கர்ணன் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சை வெட்டி ரோட்டோரம் வந்துவிட்டது. கேரளாவுக்குப் போகும் லாரி பதினொரு மணிக்கு. வேலையாட்களில் பாதிப் பேர் கோயில் காரியமாகப் போய்விட, பெட்டிக்குத் தாள் போட்டு மூடக் கை போதவில்லை. கர்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஒரு மணி நேரம் வந்து நில்லேன்," என்றான். அவள் குடையோடு வந்தாள். இரண்டு கையும் பெட்டியில் இருக்கையில் குடையை எதில் பிடிப்பது? ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. லாரியும் தாமதமாகத்தான் வந்தது, அதற்கென்ன அவசரம்.

மூன்றாம் நாள் காலையில் மாயக்காளுக்குக் காய்ச்சல். மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் செக்கச்செவேலென்று தடித்து, கழுத்துவரை பொரிப் பொரியாக இறங்கியிருந்தது. அக்கம்மாள் வந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றித் தூரப் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மணல்வாரி அம்மை. ஏலே கர்ணா, ஆத்தா வந்திருக்காடா. திருவிழா நேரம், நம்ம வீட்டத் தேடி வந்திருக்கா."

அரை நாழிகையில் வாசலில் வேப்பிலை தொங்கியது. தாளிதம் நின்றது. பாயில் வேப்பிலை பரப்பி மாயக்காளைப் படுக்க வைத்தார்கள். அடுத்து அக்கம்மாள் மாடக்குழியிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"ஆத்தா இருக்கிற வீட்டுல மருந்து ஆகாது. ஏழாம் நாளு மூணாந் தண்ணி ஊத்தி அவள வழியனுப்பிட்டு, அப்புறம் எத வேணாலும் முழுங்கட்டும்."

மாயக்காள் அவள் பக்கம் திரும்பவில்லை. புருசன் முகத்தைப் பார்த்தாள். "என்னாங்க, மாத்திரைய நிறுத்தவா?"

டாக்டர் சொன்னது கர்ணனுக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே வந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. அம்மைக்கு முடிவு உண்டு. மூன்றாம் நாள் முதல் தண்ணி, ஐந்தாம் நாள் இரண்டாந் தண்ணி, ஏழாம் நாள் மூணாந் தண்ணி. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள். ரத்தம் கொடுக்க வேண்டாம், பெஞ்சில் உட்கார வேண்டாம். ஊரே பேர் தெரிந்து, வணங்கி, வழியனுப்பி வைக்கிற நோய். நாலு வருசத்தில் முதல் தடவையாக அவள் நோய்க்கு ஒரு கடைசி நாள் இருந்தது. அந்த நினைப்பே அவன் முதுகிலிருந்து மூட்டையை இறக்கினது போலிருந்தது.

"ஏழு நாள்தான," என்றான். "இருக்கட்டும்."

அக்கம்மாள் டப்பாவைப் பரணில் வைத்தாள்.

அன்றைக்குக் கர்ணன் கட்டையாகத் தூங்கினான். மறுநாளும் அப்படித்தான். முதல் தண்ணி ஊற்றியபோது மாயக்காள் நடந்துவந்து உட்கார்ந்தாள். இரண்டாந் தண்ணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. குடித்த கூழும் இளநீரும் அப்படியே வெளியே வந்தன. தடிப்பு இன்னும் கறுத்துச் சிவந்ததே தவிர இறங்கவில்லை.

"ஆத்தா இறங்குறப்ப ஒரு ஆட்டு ஆட்டித்தான் இறங்குவா," என்றாள் அக்கம்மாள். அவள் பொய் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு அம்மை பார்த்துக் கரையேற்றினவள். மனசார நம்பினாள், ராப்பகலாகத் தம்பி பெண்டாட்டிக்கு வேப்பிலை வீசினாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் கர்ணன் நுங்கு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். மாயக்காள் கண் செருகிக் கிடந்தாள். கையைத் தொட்டான். சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், அந்தக் கை சில்லிட்டிருந்தது. நாடியைத் தேடித் தேடிப் பார்த்தான், நூல் மாதிரி ஏதோ ஓடியது. மாயக்கா, மாயக்கா என்று கூப்பிட்டதற்கு உதடு மட்டும் அசைந்தது. நுங்கு கீழே உருண்டது. ஆள் தாங்காது என்று டாக்டர் சொன்னது இப்போது காதுக்குள் வந்து கத்தியது.

பரணில் கையை விட்டு டப்பாவை எடுத்து மடியில் கட்டினான். அவளைப் பாயோடு வாரித் தூக்கினான். அக்கம்மாள் ஓடிவந்து நிலைப்படியில் கையை விரித்து நின்றாள்.

"நாளைக்கு மூணாந் தண்ணிடா! ஆத்தா இருக்கிற உடம்ப வாசப்படி தாண்டிக் கொண்டு போகாதடா, குடும்பம் விளங்காது!"

"இது ஆத்தா இல்லக்கா."

"வேற என்னடா?"

"நான் செஞ்சது. வழிய விடு."

அக்கம்மாளின் கை தானாக இறங்கியது. வாசலில் தொங்கிய வேப்பிலை மாயக்காளின் முகத்தில் உரசி, இரண்டு இலை அவள் முடியில் ஒட்டிக்கொண்டது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றப் போன ஒரு ஜீப்பைக் கர்ணன் ரோட்டுக்கு நடுவில் நின்று மறித்தான். அம்மை கண்ட உடம்பு என்று பயந்து டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார்.

உத்தமபாளையத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுகிர்தம் கையைப் பிடித்துப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள். "அண்ணே, இவுக ஏதும் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாகளா?" கர்ணன் மடியை அவிழ்த்து டப்பாவை நீட்டினான். அவள் திறந்து பார்த்துவிட்டு, "எத்தன நாளா நிறுத்துனீக?" என்றாள். அவன் ஆறு விரலைக் காட்டினான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் ஏறியது. கர்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

மறுநாள், மூணாந் தண்ணி ஊற்ற வேண்டிய அந்தக் காலையில், மாயக்காள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். டாக்டர் வந்து, பிழைத்துக்கொண்டாள் என்றார். கிட்னிக்கு எவ்வளவு அடி என்பதை மதுரையில்தான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கர்ணன் அவள் முடியிலிருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டான். "அக்கா அம்மைன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்," என்றான். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் மாயக்காள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "போன வருசம் நாத்து நடுகைக்குக் கஞ்சி கொண்டு போனப்பவும் இப்படித்தான மூஞ்சியில வந்துச்சு. இது வெயிலு."

கர்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா, நீங்க கூப்பிட்டுத்தான் வெயில்ல நின்னேன்னு சொல்லணும். அதுகூடப் பரவாயில்ல. ஏழு நாள்தானன்னு சொன்னீகளே, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். நாலு வருசத்துல அப்படி ஒரு மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. அஞ்சு ராத்திரியும் கொறட்ட விட்டுத் தூங்குனீக. கெடுக்க மனசு வரல."

அவன் அழுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதான்.

சுகிர்தம் வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். மாயக்காள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுக்கு மூணாந் தண்ணி கிடையாதுல்ல?"

"கிடையாது," என்றான் கர்ணன். நாலு வருசத்தில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அவள் தலையைக் கையில் ஏந்தி நிமிர்த்தி, அவள் விழுங்கி முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.