பட்டாளத்தின் பின்பாதி

உப்புக்காரர் காலனியில் நாய்க்குச் சோறு வைத்தால் முன்பாதிதான் நிறையும். பின்பாதி விடுகதையால்தான் நிறைய வேண்டும். அதனால் தட்டில் சோறு விழுந்ததும் வீட்டில் யாராவது ஒரு விடுகதை போடுவார்கள். நாய் காதை மடக்கி யோசிக்கும். பிறகு எழுந்துபோய் விடையைக் கவ்விக்கொண்டு வந்து தட்டருகே வைத்துவிட்டுச் சாப்பிடும். அது சாப்பிட்டு முடிக்கும்வரை விடையை யாரும் எடுக்கக் கூடாது. அதுவரை விடை இருந்த இடத்தில் விடுகதை உட்கார்ந்திருக்கும். மற்றபடி அங்கே நாய் வளர்ப்பதில் சிரமம் ஒன்றும் கிடையாது.

சிலுவைமுத்து வீட்டில் அந்த வேலை அவர் மனைவி ஞானப்பூவுடையது. அவள் வாயைத் திறந்தாலே பாதி விடுகதைதான். "காலையில ஏறும், ராவுல இறங்கும், ஊர் போய்ச் சேராது. அது என்ன?" என்று ஒருமுறை கேட்டாள். அவர்கள் நாய் பட்டாளம் போய்ப் பொன்பாண்டியின் மளிகைக்கடை ஷட்டரை இழுத்து வந்தது. பொன்பாண்டி பின்னாலேயே வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, நாய் சாப்பிட்டு முடித்ததும் ஷட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நல்ல விடுகதை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது ஞானப்பூ மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாள். விடுகதை சிலுவைமுத்து தலையில் விழுந்தது. ஆயுசு முழுக்க உப்பு லாரி ஓட்டியவர். ஹாரன் அடிப்பதையே வெட்டிப் பேச்சு என்று நினைப்பவர். ஆனாலும் அவருக்குக் கவலையில்லை. மலைப்பாதையில் லோடு வண்டியை ரிவர்ஸ் எடுத்த மனுஷன், ஒரு நாய்க்கு விடுகதை போட மாட்டாரா?

போட்டார். "வாய் உண்டு, கடிக்காது. வயிறு உண்டு, பசிக்காது. சாக்கு. தின்னு."

பட்டாளம் தின்றது.

மறுநாளும் போட்டார். "உள்ள இருந்தா இருட்டு, வெளிய வந்தா வெளிச்சம். தீக்குச்சி. தின்னு."

அதையும் தின்றது. முன்பாதி கன்றுக்குட்டி மாதிரி கொழுத்தது. பின்பாதி ஈர்க்குச்சியாய் இளைத்தது. கடற்காற்று அடிக்கிற நாட்களில் பின்பாதி மட்டும் மேலே எழும்பிப் பறந்தது. அதன்மேல் ஒரு ஈரத்துண்டைப் போட்டு வைத்தார்.

பின்பாதி காலியான நாய் பௌர்ணமியன்று வீடு மாறும். பேச்சு எந்த வீட்டில் அதிகமோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். போன நாயைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை. இதை நினைத்துத்தான் சிலுவைமுத்து பட்டாளத்துக்குச் சங்கிலி போட்டிருந்தார். பக்கத்து வீடு வசந்தகோகிலத்தின் வீடு. தூக்கத்திலும் பேசுகிறவள். அப்படி வந்து சேர்ந்த நாய்களால் அவள் வீட்டில் கால் வைக்க இடமில்லை.

அவள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, பின்பாதியே தெரியலையே. பௌர்ணமி வருது. எங்க வீட்டுல ஒரு தட்டு சும்மாத்தான் கெடக்கு."

"கெடக்கட்டும்."

"நீங்க போடுறதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். விடையையும் சேத்துச் சொன்னா அதுக்குப் பேரு விடுகதையா? நியூஸு."

"அது பசியோட நிக்குது. இதுல இழுத்துக்கிட்டு என்னத்துக்கு?"

"யோசிக்கிறதுதான் அண்ணாச்சி அதுக்குத் தொட்டுக்கிட. வெறுஞ்சோத்த எத்தன நாளைக்குத்தான் திங்கும்?"

அவர் உள்ளே போய் ஞானப்பூவுக்குப் போன் போட்டார்.

"நீங்களே அவுத்தா எப்படி?" என்றாள் அவள். "அதுவா அவுக்கணும்."

"அது எப்படி அவுக்கும்? பூட்டு போட்டிருக்கேன்."

"பூட்டா? எதுக்கு?"

"சங்கிலிக்கு."

"நான் விடுகதையச் சொன்னேங்க."

"நான் நாயச் சொன்னேன்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான. ரெண்டையும் பாருங்க. பிள்ள அழுது, வைக்கிறேன்" என்றாள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் சிலுவைமுத்து சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தட்டில் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். பக்கத்து வீட்டு வாசலில் வசந்தகோகிலம் அந்தச் சும்மா கிடந்த தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு விடுகதை ஒன்றும் கைவசம் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"இருந்தா சத்தம். இல்லாட்டி அதவிடச் சத்தம். அது என்ன?"

பழக்க தோஷத்தில் விடையைச் சொல்ல வாயைத் திறந்தார். விடை அவருக்கே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டார். சும்மா இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

பட்டாளம் காதை மடக்கியது. அவரைப் பார்த்தது. அடுப்படியைப் பார்த்தது. கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்தது. எழுந்து வெளியே நடந்தது. வசந்தகோகிலம் வீட்டு வாசலில் நின்று தட்டை மோந்தது.

"அங்க இல்ல" என்றார் சிலுவைமுத்து.

நாய் தலையைத் தூக்கியது. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் திரும்பிப் போயிற்று.

"விடை என்ன அண்ணாச்சி?"

"தெரியாது. அது வந்து சொல்லும்."

"வராட்டி?"

"வரும்."

சோற்றை ஒரு கிண்ணத்தால் மூடி வைத்தார். பௌர்ணமி போனது, நிலா தேய்ந்தது. அவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விடை வரும்வரை சோறு கெடாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு காலையில் ஞானப்பூ வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. முந்தானை பட்டாளத்தின் வாயில்.

"பேத்தியக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தேன், வந்து கவ்விடுச்சு. பஸ்ஸுல நாய்க்கு அரை டிக்கெட்தான். பின்னால ஒண்ணும் இல்லையேன்னுட்டாரு கண்டக்டரு."

"உக்காரு. அது திங்கட்டும்."

அவள் தட்டருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் கிண்ணத்தை எடுத்தார். குழம்பில் ஆவி பறந்தது. பட்டாளம் தின்னத் தின்ன இடுப்பு வந்தது, தொடை வந்தது, வால் அதன் இடத்தில் வந்து நின்றது. மதிலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்த வசந்தகோகிலம் தன் தட்டை உள்ளே எடுத்துப் போனாள்.

"எனக்குன்னு ஒரு விடுகத போட்டீங்களாக்கும்" என்றாள் ஞானப்பூ.

"உனக்குன்னு போடல. வந்துச்சு."

"என்ன விடுகத? சொல்லுங்க, கேப்போம்."

"அது தின்னு முடிக்கட்டும்."

போன் அடித்தது. மகள்.

"அப்பா, அம்மா எந்திரிச்சுப் போன எடத்துல உங்க விடுகத வந்து உக்காந்திருக்கு. பிள்ளைய நல்லாத்தான் குளிப்பாட்டுது. அதுக்குச் சாப்பிட என்ன குடுக்கிறது?"

சிலுவைமுத்து யோசித்தார்.

"ரசஞ்சோறு குடு. கருவாடு சேராது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.