நாலு மடிப்பு பேண்டேஜ் துணி

மில்லுக்குக் காற்று அனுப்பும் பிளான்ட் ரூம் கதவை இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"ஏலே ஆபித், கதவோட என்னலே மல்லுக்கட்டு?" என்று வந்தார் எங்கள் மேஸ்திரி சுப்புராஜ். "சப்ளை ஃபேன் டிரிப் ஆகி நின்னுருக்கும். எக்ஸாஸ்ட் மட்டும் ஓடுது. உள்ள வார காத்த அடைச்சிட்டு வெளிய மட்டும் தள்ளுனா கதவு எப்படித் திறக்கும்?"

அவர் சொன்னது கதவைப் பற்றி. என் கண்ணில் வந்து நின்றது வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி.

ராஜபாளையத்து நூல் மில்லில் பதினோரு வருடமாகக் காற்றோட்டம் பார்க்கும் எலக்ட்ரீஷியன் நான். காற்றைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்பு உண்டு. அந்த நினைப்பில்தான் நேற்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில், என் மனைவி சப்ரீனின் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். சின்னப் பெட்டி. முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன். முன் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதன் வலையில் தூசி அப்பியிருந்தது. எந்த மடையன் இப்படி மாட்டினான் என்று திட்டிக்கொண்டே அதைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். மில்லில் தூசியை வெளியேதானே தள்ளுவோம்! அதோடு விட்டேனா? தூசி புகாமலிருக்க, பக்கவாட்டிலும் மேலேயும் இருந்த ஓட்டைகளில், ராஜபாளையத்துத் தறியில் நெய்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்து, டேப் போட்டு ஒட்டினேன்.

"நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு இதெல்லாம் வேணுமா மச்சான்?" என்று சப்ரீன் கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன்.

இப்போது இரண்டு ஃபேனும் வெளியே தள்ளுகின்றன. உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை. பெட்டி சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக அணையும். மணி பத்தரை. பரீட்சை பத்துக்கே தொடங்கிவிட்டது.

மெடிக்கல் கோடிங் பரீட்சை அது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து நோய்களுக்கு எண் போடும் வேலைக்கானது. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் எங்கிருந்தோ ஒருவன் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பான். அறையில் இன்னொரு ஆள் தெரியக்கூடாது, குரல் கேட்கக்கூடாது, எழுதுகிறவள் நாற்காலியை விட்டு எழக்கூடாது. கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைந்தால் மன்னிப்பு. இரண்டாம் தடவை பரீட்சையே ரத்து. சப்ரீன் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவள். மதுரைக் கம்பெனி அவளுக்காக வைத்திருக்கும் வேலை இந்த மாதக் கடைசிவரைதான். ஒன்றரை வருடம் அடுப்படியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள்.

போன் செய்து என்ன பயன்? அவள் போனை அணைத்து வைத்திருப்பாள். வீட்டிலிருக்கும் மாமியார் ஜரீனா எடுத்தாலும் அவரும் அந்த அறைக்குள் போகக்கூடாது.

"அண்ணே, வீட்டுக்குப் போறேன்."

"பிளான்ட்ட யாருலே பாப்பா?"

பதில் சொல்ல நான் அங்கே இல்லை. பைக்கை முறுக்கினேன். இடப்பக்கம் மலை கூடவே வந்தது. அது நகரவே இல்லை போலத் தோன்றியது. முன்னால் போன மதுரை பஸ் வழிவிடவில்லை. ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் மரத்தது. கோவில் கோபுரம் கண்ணில் பட்டபோது, இந்நேரம் அணைந்திருக்கும், எல்லாம் முடிந்திருக்கும் என்றே நினைத்தேன்.

வாசலில் ஜரீனா மாமி கையை விரித்துத் தடுத்தார். "உள்ள போவாதீய மாப்ளே!" என்று கிசுகிசுத்தார். "செத்த முன்னாடி பொட்டி அணைஞ்சு போச்சு போல. 'யா அல்லாஹ்'னு ஒரு சத்தம். பொறவு திரும்ப வந்துருச்சு."

ஒரு மன்னிப்பு போய்விட்டது. அவள் அறையின் மூடிய கதவில் காதை வைத்தேன். உள்ளே ஃபேன்கள் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. தொண்டையை நெரித்தால் அப்படித்தான் கத்தும். நெரித்தவன் நான்.

பின்பக்கச் சந்துக்கு ஓடினேன். அந்த அறை ஜன்னலின் கொக்கி சரியாக விழாது. சரி செய்யச் சொல்லி சப்ரீன் ஆறு மாதமாகக் கத்துகிறாள். நல்லவேளை, நான் சோம்பேறி. ஜன்னல் கதவை ஒரு சாண் இழுத்தேன். கோடு போல வெயில் உள்ளே விழுந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். கம்பிக்கு அந்தப்பக்கம், ஸ்டூலின் மேல் பெட்டி. சப்ரீனின் முதுகும் முக்காடும் தெரிந்தன. அவள் திரும்பவில்லை.

கம்பிக்கு இடையே கையை விட்டேன். கேமராவுக்கு எதுவரை தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒரு விரல் தெரிந்தாலும் போச்சு. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தேன். சர்ரென்று சத்தம். கை அப்படியே உறைந்தது. அந்தச் சத்தம் மைக்கில் போயிருக்கும். கட்டாயம் போயிருக்கும்.

அப்போது சப்ரீன் இருமினாள்.

நீளமான இருமல். அவளுக்குச் சளியே கிடையாது. எனக்கு ஒரு நொடி புரியவில்லை, புரிந்ததும் இழுத்தேன். இருமல் நின்றது, நானும் நின்றேன். மறுபடி இருமினாள், மறுபடி இழுத்தேன். நாலு இருமலில் பக்கவாட்டுத் துணி கையோடு வந்தது. மேல் துணிக்கு இரண்டு.

சந்தில் தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு பியூலா, "என்னண்ணே, சொந்த வீட்டு ஜன்னல்லயே திருடன் மாதிரி..." என்று வாயைத் திறந்தாள். நான் கும்பிட்ட கும்பிட்டில் பயந்து வந்த வழியே திரும்பிவிட்டாள்.

ஃபேன்களின் கத்தல் மெல்லக் குறைந்தது. ஆனாலும் காற்றில் ஜன்னல் கதவு அடித்துவிடுமோ என்று அதைப் பிடித்தபடியே நின்றேன். பெட்டி ஒவ்வொரு தடவை குரலை உயர்த்தும்போதும் என் உயிர் போய் வந்தது. பதினொன்றிலிருந்து இரண்டுவரை வெயிலில் நின்றேன்.

இரண்டு மணிக்கு அவளே ஜன்னலுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"பாஸ்னு வந்திருக்கு. ஆனா வீடியோவப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாகளாம். ஏன் இருமுதீங்கன்னு நடுவுல அந்தக் கேமராக்காரன் கேட்டு அனுப்புனான். தூசின்னு சொன்னேன்."

"என் கை தெரிஞ்சிருக்குமா?"

"தெரியல மச்சான். நான் உங்க பக்கம் திரும்பவே இல்ல."

பிறகு அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கேமராவைத் திறந்து, "முன்ன மாதிரியே கைய விடுங்க, தெரியுதான்னு பாப்போம்" என்றாள்.

விட்டேன். பெட்டியின் மேல் விரல்களை வைத்தேன். திரையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள."

தோள்பட்டை கம்பியில் இடிக்கும்வரை விட்டேன்.

"தெரியல" என்றாள். "ஒண்ணுமே தெரியல."

கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க. செத்த நேரம் இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்து வந்து, என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புழுக்கமான அறையில் நாலு மணி நேரம் இருந்தவளின் கை சில்லிட்டிருந்தது.