மூன்று நொடி மௌனம்

நாற்பது மணி நேரப் பயிற்சியில் முப்பத்தாறு முடிந்திருந்தது.

இன்னும் விடியவில்லை. அடுப்பு மேடையில், உப்பு ஜாடிமீது சாய்த்து வைத்த கைபேசியின் முன் வேதியியல் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஒரு பச்சைக் கட்டம். முகம் அதற்குள் இருக்கும்வரைதான் பயிற்சிக் கடிகாரம் ஓடும். பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அவள் திரும்பவில்லை.

"அடர்த்தியான அமிலம் வேற, வலிமையான அமிலம் வேற. புரியுதா?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல நிறுத்தினாள். வகுப்பில் அந்த நிறுத்தத்தில்தான் கைகள் உயரும். கைபேசி குறுக்கிட்டது: 'மௌனம் மூன்று நொடிக்கு மேல். பதிவு நிராகரிக்கப்பட்டது.'

நான்காவது முறை. தொண்டை எரிந்தது.

"காலங்காத்தால சுவத்துக்கிட்ட புரியுதா புரியுதாங்கற. சுவரு பாஸாயிடுமா?" என்று அம்மா தீய்ந்த பாத்திரத்தை இறக்கினாள்.

"இத முடிக்கலன்னா வேலை இல்லம்மா."

"முடிச்சா இருக்குமா?"

அவள் மறுபடி பச்சைக் கட்டத்துக்குள் முகத்தைப் பொருத்தினாள். இரண்டு வாரம் முன்பு பள்ளியின் இன்னொரு கிளைக்குத் தேர்வுப் பணிக்குப் போனபோது, ஒரு வகுப்பறை ஜன்னல் வழியே பார்த்ததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வாயத் தொறக்காம இருங்க" என்று அங்கிருந்த மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் உடம்பில் அழுக்குபோல ஒட்டியிருந்தது.

பயிற்சியின் கடைசிப் பகுதிக்கு எல்லா ஆசிரியர்களையும் கணினி அறையில் உட்காரவைத்தார்கள். தாளாளர் வரவில்லை. இணையவழிக் கற்பித்தலை இணையவழியேதான் போதிப்பாராம். வீட்டிலிருந்து திரையில் தெரிந்தார். எத்தனையோ பிள்ளைகளின் தலையெண்ணெய் ஊறிய ஹெட்போன் பஞ்சு காதில் பிசுபிசுத்தது. அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். மெல்லுவதும் விழுங்குவதும் பல்லிடுக்கை உறிஞ்சுவதும் காதுக்குள்ளேயே நடந்தன.

"நாமெல்லாம் ஒரே குடும்பம். வருஷத்துப் பாடம் மொத்தத்தையும் பதிவேத்திட்டு, கீழ 'ஒப்புக்கொள்கிறேன்'னு இருக்கும். அத அமுக்குங்க. சான்றிதழ் வந்துடும்."

"எதுக்கு சார் ஒப்புக்கறோம்?" என்றாள் கணக்கு டீச்சர். மெதுவாகப் பேசத் தெரியாதவள். பிள்ளைகள் வைத்த பெயர் சைரன்.

"பதிவு பள்ளியோட சொத்துன்னு. சும்மா ஒரு சம்பிரதாயம்."

"தொண்ட எங்களுது, சொத்து உங்களுதா?"

விளையாட்டு ஆசிரியர் இருமினார். "சார், நான் மைதானத்த நாலு சுத்து ஓடணும். கட்டத்துக்குள்ள எப்படி ஓடறது? நின்ன எடத்துலயே குதிக்கட்டுமா?"

சிரிப்பு வெடித்தது. தாளாளர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வேதியியல் டீச்சரப் பாருங்க. ஒரு கேள்வி கேட்டாங்களா? அவங்க பாடந்தான் முதல் தரம். அந்த அடக்கம் உங்களுக்கு ஏன் இல்ல?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. புழுத்த பழத்தைக் கடித்துவிட்டதுபோல வாய் கசந்தது. இந்த வாயிலிருந்தா தனக்குப் பாராட்டு!

"பாராட்டு இருக்கட்டும். அந்தப் பாடத்த என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றாள் கணக்கு டீச்சர்.

பதிலுக்கு, ஒவ்வொரு திரையிலும் மைக்கின்மேல் சிவப்புக் கோடு விழுந்தது. மொத்தப் பேரையும் ஊமையாக்கிவிட்டு அவர் பேசிக்கொண்டே போனார்: ஒழுக்கம், நன்றி, வெளியே வேலைக்குக் காத்திருக்கும் கூட்டம்.

கணக்கு டீச்சரின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைத் தட்டினாள், மறுபடி தட்டினாள். பக்கத்தில் இருந்த விளையாட்டு ஆசிரியர் தன் ஹெட்போனைக் கழற்றினார், பிறகு அவளுடையதையும்.

"அடக் கடவுளே! நாம ஒரே ரூம்லதான டீச்சர் இருக்கோம்?"

ஒரு கணம் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். தாளாளரின் குரல் மேசைகளின்மேல் கொசுக்கூட்டமாகச் சுருங்கியது. நாற்காலிகள் தரையைக் கீறிக்கொண்டு ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின. திரைகளில் பச்சைக் கட்டங்கள் வெறுமையாயின. பயிற்சிக் கடிகாரங்கள் நின்றன.

"யாரும் அமுக்கக் கூடாது," என்றாள் கணக்கு டீச்சர். "ஒருத்தர்கூட. எழுத்துல பதில் வரட்டும்."

"அமுக்கல," என்றார் நூலகர். "நானும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மௌஸிலிருந்து கைகள் விலகின.

எல்லோரும் வேதியியல் டீச்சரைப் பார்த்தார்கள். அவள் விரல் இன்னும் மௌஸின்மேல் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்று நொடி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேர்வுப் பணிக்கு இன்னொரு கிளைக்குப் போனப்ப பாத்தேன். பயிற்சிக்குன்னு நான் பதிவேத்தின பாடம் அங்க வகுப்புல ஓடிட்டிருந்துச்சு. நான் 'புரியுதா'ன்னு கேட்டு நிறுத்தற எடத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. ஒரு பொண்ணு திரையப் பாத்துக் கையத் தூக்கிட்டே உக்காந்திருந்தா. நான் அவள கவனிக்காம பேசிட்டே போறேன்." அவள் குரல் அறை முழுதும் கேட்டது. "அந்த வகுப்புல டீச்சரே இல்ல. எல்லாரையும் வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."