பதினான்காம் அலமாரி

அளவுக் கருவியோடு வந்திருந்த பெண் பதினான்காம் அலமாரியைத் திறக்கச் சொன்னபோது, சாவி தொலைந்துவிட்டது என்று கோந்தக்கா சொன்னாள். சாவி அவளுடைய மேலங்கிப் பையில், கைக்குட்டைக்கு அடியில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் சொன்ன முதல் பொய் அது. தனக்கு இது இத்தனை சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

"பரவாயில்லம்மா, தேடி வைங்க. நாளைக்குக் காலையில இத மட்டும் அளந்துட்டுப் போயிடறேன்" என்றாள் அந்தப் பெண். நல்லவள். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

வாசல் பலகையில் உலர்தாவரக் காப்பகம் என்று எழுதியிருந்தது. உள்ளே நாற்பது இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் கட்டுக் கட்டாகத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் யாரோ எப்போதோ பறித்து, அழுத்திக் காயவைத்த ஒரு செடி. பெயர்ந்த இலையையும் ஒடிந்த காம்பையும் கோந்து தடவி மறுபடி தாளோடு சேர்ப்பது அவள் வேலை. அதனால்தான் கோந்தக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த காப்பகத் தலைவரே அப்படித்தான் கூப்பிட்டார். அவளுக்கு அது பிடித்திருந்தது. உடைந்ததை ஒட்டுகிறவள் என்று யார் பெயர் வைப்பார்கள், ஒருவரும் கேட்காமலே அமைந்துவிட்டது என்று சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

பழைய தாள்களின் மூலையில் சிவப்பில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: 'நஞ்சூட்டியது.' அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பாதரச உப்பை ஸ்பிரிட்டில் கரைத்துச் செடிகள்மேல் தூரிகையால் தடவியிருக்கிறார்கள். சேர்ந்த புதிதில் அந்தச் சீட்டைப் பார்த்து அவளும் பயந்தாள். ஒரு மாதம் பயந்தாள். பிறகு அது தெருமுனையில் தினம் பார்க்கும் கம்பம் போல ஆகிவிட்டது. கிழிந்துபோன சிவப்புச் சீட்டுகளைக்கூட அவள்தான் ஒட்டுவாள், ஓரம் பிசகாமல், எழுத்து கலையாமல். ஒட்டிவிட்டு, நாக்கில் விரலைத் தொட்டு அடுத்த தாளைப் புரட்டுவாள்.

அன்று காலை அளவுக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அம்மா, அம்மா, விரல வாயில வைக்காதீங்க!"

எங்கோ ஒரு காப்பகத்தில் யாருக்கோ உடம்புக்கு ஆகாமல் போனதாம். எல்லா இடத்திலும் பாதரசம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்தப் பெண் ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கருவியின் குழாயை மட்டும் உள்ளே நீட்டினாள். எண் விறுவிறுவென்று ஏறியது. அந்த உப்பு தடவியதோடு போய்விடுவதில்லை என்றாள். தூசியாகத் தாளில் கிடக்கும், கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்குப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதரச ஆவியாகவும் மாறும். பூட்டிய அலமாரிக்குள் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் காத்திருக்கும். திறந்ததும் முகத்தில் அடிக்கும், வாசனை இருக்காது.

"உள்ள போனா என்னாகும்?" என்று கேட்டவள் கேமராப் பொண்ணு. தாள்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலைக்கு எட்டு மாதத்துக்கு முன் வந்தவள். வயிற்றில் ஆறு மாதம். மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே அவள் நுழைவதே இப்போது ஒரு காட்சி.

"சிறுநீரகத்தத்தான் மொதல்ல பிடிக்கும். ஆவியா போனா கை நடுங்கும், மறதி வரும், சும்மா சும்மா கோவம் வரும்."

"குழந்தைக்கு?"

அளவுக்காரப் பெண் கருவியை அணைத்துக் கீழே வைத்தாள். "போகும். அதனால இன்னையிலேர்ந்து நீங்க இந்த ரூம்ல இருக்க வேணாம். சிறுநீர் டெஸ்ட் எடுத்துப் பாப்போம். நீங்க படம்தான் எடுக்கறீங்க, தாளத் தொட்டது கொஞ்சம்தான் இருக்கும். உள்ள எதுவும் சாப்பிட்டதில்லையே? சாப்பாடு எதுவும் இங்க வச்சதில்லையே?"

"சேச்சே" என்றார் தலைவர்.

"இல்ல மேடம்" என்றாள் கேமராப் பொண்ணு.

கோந்தக்கா பதினான்காம் அலமாரியைப் பார்த்தாள்.

அந்த அலமாரியின் அடித்தட்டில் சர்க்கரை டப்பா இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் தேநீர் போடும் மூலையில் எறும்புத் தொல்லை தாங்க முடியவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் டப்பாவை வைத்தும், ரப்பர் பட்டை போட்டும், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தாள். எறும்புகளுக்கு அவளைவிடப் பொறுமை அதிகம். ஒருநாள் அவசரத்தில் டப்பாவைப் பதினான்காம் அலமாரிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் விடுமுறைக்குப் பிறகு வந்து பார்த்தால், உள்ளே ஓர் எறும்பு இல்லை. அன்றிலிருந்து டப்பாவும், மேலே மூடாமல் வைத்த கரண்டியும் அங்கேதான். "அக்கா சக்கரைக்கு மட்டும் எறும்பு வர்றதில்லையே, எப்படி?" என்று எல்லோரும் கேட்டார்கள். "கைராசி" என்பாள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் வாழ்க்கையில் தனக்கென்று ஒரு சாமர்த்தியம் இருப்பது போல அது இருந்தது. அதனால் சொல்லவில்லை. எறும்பு ஏன் வரவில்லை என்று ஒருநாளாவது யோசித்திருக்கலாம். சிவப்புச் சீட்டைத் தன் கையாலேயே ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

தலைவருக்குச் சர்க்கரை வியாதி, வெறும் தேநீர். தினம் மூன்று மணிக்கு அந்தச் சர்க்கரை போட்ட தேநீரைக் குடித்தவர்கள் அவளும், காவலாளியும், கேமராப் பொண்ணும்தான். கேமராப் பொண்ணுக்கு எப்போதும் இரண்டு கரண்டி. வயிற்றில் குழந்தை வந்த பிறகு, "இது இனிப்புக் கேக்குதுக்கா" என்று மூன்று.

அன்று மூன்று மணிக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட இது இன்னும் சுலபமாக வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வீட்டில் அவள் கணவர் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உதட்டுக்கிடையில் நாலைந்து குண்டூசி. முப்பது வருடமாக ஊசிகளுக்கு நடுவே பேசிப் பழகியவர்.

"வாய்லேர்ந்து அத எடுங்க மொதல்ல" என்றாள்.

"என்னது, வந்ததும் வராததுமா?"

எல்லாவற்றையும் சொன்னாள். கை நடுக்கம், மறதி, கோபம் என்று வந்த இடத்தில் அவர் நிமிர்ந்தார். "கோவமும் மறதியும் கல்யாணமான மறுநாளே இருந்துச்சே. அப்ப நீ அங்க வேலைக்கே சேரல."

அவள் சிரிக்கவில்லை. அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் ஊசி குத்தும் சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தினார். பிறகு மெஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஆபீசருகிட்ட அப்பறம் சொல்லு. அவகிட்ட மொதல்ல சொல்லு."

சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கைகளைக் கழுவினாள், நகத்துக்கு அடியில், மோதிரத்துக்கு அடியில். அவளுக்குத் தன் உடம்பைப் பற்றிய பயம் பெரிதாக வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் உடம்பு என்பது தெரிந்த வீடு மாதிரி. எந்தக் கதவு கிறீச்சிடும் என்று தெரியும். பயந்தது வேறொன்றுக்கு. சொன்னால் கேமராப் பொண்ணு தன்னைப் பார்க்கும் பார்வை மாறும். சொல்லாவிட்டாலோ, அந்தப் பார்வை மாறாது. அதைத் தினமும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எது மோசம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தான் இன்னும் தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குழாயை மூடினாள்.

மறுநாள் காலையில் கேமராப் பொண்ணு வாசல் படியில் மூச்சு வாங்க நின்றபோது கோந்தக்கா அவளிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. டப்பா, அலமாரி, ஏழு வருடம்.

கேமராப் பொண்ணின் கை தானாக வயிற்றுக்குப் போனது. கொஞ்ச நேரம் தெருவில் போகிறவர்களைப் பார்த்தாள்.

"நேத்து அந்தம்மா கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நேத்தே சொல்லியிருந்தா நேத்தே டெஸ்ட் குடுத்திருப்பேன்." குரல் உயரவில்லை. "நீங்க தெரியாம வச்சீங்க, அது சரி. தெரிஞ்சப்பறம் ஒரு நாள் வச்சிருந்தீங்க பாருங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

கோந்தக்கா பையிலிருந்து சாவியை எடுத்து அளவுக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் திட்டவில்லை. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து, அலமாரியைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பி அரைமணி நேரம் காக்கவைத்தாள். பிறகு டப்பாவின் மேலும் உள்ளும், கரண்டியிலும், ஈரப் பஞ்சால் துடைத்துத் தனித்தனிப் பைகளில் போட்டாள். அறைக்கு வெளியே காவலாளி கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதான் பாத்தேன். ஏழு வருஷமா என்ன ஒரு எறும்பு கடிச்சதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துத் தலைவர் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

மூன்று பேரின் சிறுநீரும் டப்பாவில் துடைத்த பஞ்சும் சோதனைக்குப் போயின, முடிவு வரப் பத்து நாள் ஆகும். அதுவரை கோந்தக்காவும் கேமராப் பொண்ணும் பழைய தாள்களின் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. நடைவழியின் கடைசியில் இருந்த சின்ன அறையில் இருவருக்கும் மேசை போட்டார்கள். அங்கே புதிதாக வந்த செடிகள் மட்டும். இவற்றுக்கு விஷம் கிடையாது, ஒரு வாரம் உறைபெட்டிக் குளிரில் வைத்தால் பூச்சி செத்துப்போகும். பெரிய அறையில் தூசி தட்டும் இறகுத் தூரிகைக்கு இனி வேலையில்லை. ஈரத்துணிதான், துடைத்த துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். எந்தத் தாளைத் தொட்டாலும் கையுறை போட வேண்டும். மூன்று மணித் தேநீர் கட்டடத்துக்கு வெளியே, மரத்தடியில். கேமராப் பொண்ணு வீட்டிலிருந்து தன் தேநீர்க் குடுவையைக் கொண்டுவந்தாள்.

அந்தச் சின்ன அறையில் பத்து நாளும் கேமராவின் சத்தம்தான் பேசியது. அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் கோந்தக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேமராப் பொண்ணோ மரியாதையாக இருந்தாள். "அந்தத் தாள் குடுங்க." "விளக்க அணைக்கட்டுமா?" அக்கா என்ற சொல் மட்டும் இல்லை. ஒரு சொல் போனால் அது இருந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. கோந்தக்கா மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை ஒவ்வொரு காலையும் தயாரித்துக்கொண்டு வந்தாள். மேசையில் உட்கார்ந்ததும், கேட்பதும் தனக்காகத்தான் என்று தோன்றி, பேசாமல் பெரணிச் செடியின் இலைகளைத் தாளில் பரப்பினாள்.

பதினோராம் நாள் அளவுக்காரப் பெண்ணே நேரில் வந்தாள். கேமராப் பொண்ணைத்தான் முதலில் உட்காரவைத்தாள். "ஒங்களுக்கு எதுவும் இல்ல. சாதாரணமா ஊர்ல எல்லாருக்கும் இருக்கற அளவுதான். பிரசவத்துக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துக்கலாம், மனசு நிம்மதிக்கு. டப்பாவுக்கு வெளியிலயும் கரண்டியிலயும்தான் நெறைய இருந்துச்சு. சக்கரையில கொஞ்சம்தான். மூடி நல்லா இறுக்கமா இருந்திருக்கு."

காவலாளிக்கும் பயமில்லை என்பதைக் கோந்தக்கா பாதிதான் கேட்டாள். தன்னுடைய எண்ணைச் சொன்னபோது அது வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஒங்களுக்குத்தாம்மா கூடுதல். சக்கரையால மட்டும் இல்ல. இருபத்திரண்டு வருஷம் விரல எச்சில் தொட்டதுக்கும், அலமாரிக்குள்ள தல விட்டதுக்கும். ஆனா ஆபத்தான அளவு இல்ல. சிறுநீரகம் நல்லா இருக்கு. மூணு மாசம் தள்ளியிருந்தா தானா எறங்கும். அப்பறம் மறுபடி பாக்கலாம். கை நடுங்குதா?"

அவள் கைகளை நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை. அந்த நேரத்தில் நடுங்கியிருந்தாலும் அது பாதரசத்தால் இருந்திருக்காது.

அளவுக்காரப் பெண் போன பிறகு கேமராப் பொண்ணு போனில் யாரிடமோ மெதுவாகப் பேசினாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். கோந்தக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. தாளில் ஒரு புல். நேற்றுவரை எங்கோ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது போலவே வளைந்து கிடந்தது. அதன் கதிரை நேராக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வளைவோடே ஒட்டினாள். உள்ளே எங்கோ ஒரு முடிச்சு சத்தமில்லாமல் அவிழ்ந்து, அந்த இடம் லேசாகக் குளிர்ந்தது. மன்னிக்கப்படவில்லை, அது தெரியும். ஆனால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் எதையும் கேட்பது பேராசை.

மதியம் கேமரா விளக்கு அணைந்துபோனது. சுவரில் இணைப்பு கழன்றிருக்க வேண்டும். கேமராப் பொண்ணு முனகிக்கொண்டே மண்டியிட்டு மேசைக்கடியில் போனாள். விளக்கு எரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

"அக்கா."

கோந்தக்கா கோந்துத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, தூக்கி விடுங்க. நானா எழுந்திரிக்கற காலமெல்லாம் போயிடுச்சு."

எழுந்த கோந்தக்கா கையுறை போட்ட தன் கைகளைப் பார்த்து நின்றாள். புதுச் செடிதான், விஷம் எதுவும் இல்லை. இருந்தாலும் நின்றாள். "கை கழுவிட்டு ஓடி வந்துடறேன், ஒரு நிமிஷம்."

"நீங்க கழுவிட்டு வர்றதுக்குள்ள நான் இங்கயே பெத்துடுவேன்."

கோந்தக்கா மணிக்கட்டில் பிடித்துக் கையுறையை உட்பக்கம் வெளியே வருமாறு உரித்தாள். இடது கை வந்துவிட்டது. வலது கையில் கோந்து காய்ந்து, விரல்விரலாக இழுக்க வேண்டியிருந்தது. மேசை விளிம்புக்கு மேலே அந்தப் பெண்ணின் கை மட்டும் தெரிந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் விரிந்து, எட்டாத ஒன்றைத் துழாவுவது போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.